காரோ மலைக்குக் கேமராவோடு கிளம்பும் தம்பிகளுக்கு

அன்புத் தம்பிகளே,

'மேகாலயாவில் பத்தடிக் குரங்கு மனிதன்!' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, பேய்ப்பட இசையையும் ஓடவிட்டு நீங்கள் போடும் வீடியோக்களை நானும் பார்க்கிறேன். ஒளிப்பானேன், ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையின் முக்கால் பாகத்தை ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுகிறீர்கள்.

அந்த மலையில் வாழும் காரோ மக்கள் அந்தக் குரங்கு மனிதனை மண்டே பருங் என்கிறார்கள். காட்டு மனிதன் என்று பொருள். உடம்பெல்லாம் மயிர், இரண்டு காலில் நடக்கும், இலைதழை தின்னும் என்று பார்த்ததாகச் சொன்னவர்கள் சொல்கிறார்கள். இதுவரை உங்கள் வீடியோவில் வருகிறது. 2008-இல் நடந்தது வருவதில்லை. காரோ காட்டில் கிடைத்த சில ரோமங்கள் அந்த வருடம் இங்கிலாந்துக்குப் போயின. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு எந்த விலங்கினுடையது என்று பிடிபடவில்லை. உலகமே பரபரத்தது. சில மாதம் கழித்து அமெரிக்காவில் மரபணுச் சோதனை செய்தார்கள். கோரல்! நம் வரையாட்டைப்போல மலைச்சரிவில் மேய்கிற, ஆட்டுச் சாயல் கொண்ட பிராணி. பரபரப்பைச் சொல்கிற நீங்கள் கோரலையும் சொல்ல வேண்டாமா?

அதற்காகப் பார்த்ததாகச் சொன்ன விவசாயியைக் கிண்டல் செய்யச் சொல்லவில்லை. அதையும் சிலர் செய்கிறீர்கள். 'என்ன சரக்கு அடிச்சாரோ' என்று போட்ட வரியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. யானைக்குப் பயந்து மரத்தின் மேல் பரண் கட்டிப் பயிர்க்காவல் இருக்கிற மனிதர்கள் அவர்கள். அந்தி இருட்டில் ஒரு கரடி பின்னங்காலில் எழுந்து நின்றால் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? கரடி நடக்கையில் முன்கால் தடத்தின் மேலேயே பின்கால் விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய பாதம்போலத் தெரியும். அவர் பார்த்தது கரடிதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பொய் சொன்னார் என்று சொல்ல உங்களுக்கும் ஆதாரம் கிடையாது.

(இன்னொன்று: காரோ மலையிலேயே நோக்ரெக் சிகரத்துப் பக்கம் விளையும் காட்டு ஆரஞ்சுக்கு அங்கே 'மெமாங் நாரங்' என்று பெயர். பேய் ஆரஞ்சு! பேய்தான் வேண்டுமென்றால் அதையாவது படம் பிடியுங்கள்.)

வாலில்லாக் குரங்கைத் தேடித்தானே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறீர்கள்? அது அங்கே நிஜமாகவே இருக்கிறது. ஹூலக் கிப்பன். இந்தியாவிலுள்ள ஒரே வாலில்லாக் குரங்கினம். காரோ மொழியில் ஹூரோ. ஆண் கறுப்பு, பெண் வெளிர்பழுப்பு, வெள்ளைப் புருவம். பத்தடி எல்லாம் இல்லை, பத்துக் கிலோகூடத் தேறாது. தரையில் இறங்குவதே அபூர்வம். கிளைக்குக் கிளை கையால் தொங்கித் தாவும். நடுவில் மரம் போய்விட்டால் அந்தக் குடும்பம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் செல்பல்கிரே கிராமத்தார் தங்கள் நிலத்தில் ஒரு பங்கைக் காடாகவே விட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி உங்களில் ஒருவர்கூட வீடியோ போட்டதாக என் கண்ணில் படவில்லை.

அடுத்த முறை போகும்போது ஊராரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, டிரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, விடியற்காலை மரத்தடியில் போய் உட்காருங்கள். ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும். பின்னணி இசை எதுவும் சேர்க்காமல் அப்படியே போடுங்கள். பதினொரு மணிக்கு நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீடியோக்களைக் கடைசிவரை பார்க்கும் ஓர் அண்ணன்