2023ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை: எமது கட்டடங்களும் காற்றும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, தாய்மாரே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுச்சபையின் முன் வைக்கிறேன். நிர்வாக சபை மாதந்தோறும் தவறாமல் கூடியது. வாசிகசாலை நாள்தோறும் திறக்கப்பட்டது. மாலைநேர வகுப்புகள், நவராத்திரி விழா, சிறுவர் விளையாட்டுப் போட்டி ஆகியவை வழமைபோல நடந்தன. வரவு செலவை எனக்குப் பின் பொருளாளர் விரிவாகச் சொல்வார். நான் எனக்குரிய நேரத்தை மண்டபம், முன்பள்ளி, வாசிகசாலை ஆகிய எமது மூன்று கட்டடங்களின் கூரைகளைப் பற்றிப் பேசப் பயன்படுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் பட்ட பாடும் செலவிட்ட பணமும் பெரும்பாலும் அவற்றுக்கே போயின.

ஆனி மாதத்தில் ஓரிரவு கச்சான் காற்று முன்பள்ளியின் விறாந்தைக் கூரையைத் தூக்கி முற்றத்தில் போட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரவாக இருந்ததால் பிள்ளைகள் ஒருவரும் அங்கே இல்லை. காலை எட்டு மணிக்கு அது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அன்று வீசியது புயல் அல்ல. வைகாசியிலிருந்து ஆவணி வரை ஒவ்வோர் ஆண்டும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும், எமக்குப் பழகிய வறண்ட காற்றுத்தான். அந்தக் காற்றுக்கே ஒரு கூரை நிற்கவில்லையென்றால் கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் புயலுக்கு அது எப்படி நிற்கும்? இந்தக் கேள்வியுடன்தான் மறுநாள் அவசரக் கூட்டம் கூட்டினோம்.

விழுந்த மரங்களைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் கண்முன்னே இருந்தது. கூரையின் சாய்வு மரங்களான கைமரங்களை, வளை என்று சொல்லும் சுவர்மேல் கிடந்த மரத்துடன் பிணைத்திருந்தவை வெறும் கம்பியாணிகள். கடற்காற்றின் உப்பில் அவை துருவேறி, பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தன. வளையோ சுவருடன் எவ்விதத்திலும் கட்டப்படவில்லை. தன் எடையினால் மட்டும் அங்கே இருந்தது. மரம் நல்ல முதிரை, அதில் ஒரு பழுதும் இல்லை. பிணைப்புத்தான் இல்லை.

எமது உறுப்பினரும் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தருமான ஐயா ஒருவர் மூன்று கட்டடங்களிலும் ஏணி வைத்து ஏறிப் பார்த்து, ஒவ்வொரு மூட்டையும் குறித்துத் தந்தார். அவர் நிர்வாக சபைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் பொருந்தும். காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தாழ்ந்த சரிவுள்ள கூரையைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. முகட்டோரம், இறவாரம், மூலைகள் ஆகிய இடங்களில் இந்த இழுவை மிகக் கூடுதல். விறாந்தையில் கீழிருந்து தூக்கும் காற்றும் மேலிருந்து உறிஞ்சும் காற்றும் ஒன்றுசேர்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்த பின்னர், பலத்த காற்றுக்கு ஏற்பக் கட்டடம் அமைப்பதற்கான வழிகாட்டியொன்றை அரசு 1980இல் வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கிறது. எமது கிழக்குக் கரை மிகக் கடுமையான முதலாம் வலயத்தில் இருக்கிறது. அதன்படி இங்கே சாதாரணக் கட்டடமொன்று செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வீச்சைத் தாங்க வேண்டும். அனர்த்தத்தின் பின்னும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு அந்த அளவு 54 மீற்றர். 49 மீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏற்படும் அழுத்தம் சுமார் 150 கிலோகிராம் எடைக்குச் சமம். எமது மண்டபக் கூரையின் தகடும் மரமும் சேர்ந்து ஒரு சதுர மீற்றருக்கு 30 கிலோவைத் தாண்டாது. மீதியைப் பிடித்து வைத்திருக்க வேண்டியவை ஆணியும் போல்ற்றும் உலோகப் பட்டியும்தான். தகட்டிலிருந்து அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகைக்கு, சிலாகையிலிருந்து கைமரத்துக்கு, அங்கிருந்து வளைக்கு, சுவருக்கு, அத்திவாரத்துக்கு என்று இந்தப் பிடி இடையறாமல் இறங்க வேண்டும். நங்கூரக் கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் அறும் என்று கடலுக்குப் போகும் எமது உறுப்பினர்கள் இதை உடனே விளங்கிக்கொண்டார்கள்.

திருகோணமலைக்கு இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் எமது மாவட்டத்தைத் தாக்கிவிட்டு, வவுனியா, மன்னார்ப் பக்கமாகக் கடந்து போனது. மூத்த உறுப்பினர்கள் அந்த நாட்களைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஆழிப்பேரலைக்குச் சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இன்னொரு சூறாவளி திருகோணமலைக்கு அருகே கரை கடந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எமக்கு வடக்கே கரையேறியபோது கரையோரக் குடும்பங்கள் பாயும் தலையணையுமாக வந்து தங்கியது எமது மண்டபத்தில்தான். அன்று அந்தக் காற்று கடும் சூறாவளியாக இல்லாதது எமது நல்லகாலம். மக்களை அழைத்துவந்து தங்கவைக்கும் ஒரு மண்டபம், அவர்கள் விட்டுவந்த வீட்டைவிட உறுதியாக இருக்க வேண்டும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை, இனியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மண்டப வேலை பற்றி நிர்வாக சபையில் கடுமையான விவாதம் நடந்தது. பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளைக் கழற்றிவிட்டுச் சிங்க் அலுமினியத் தகடு போட்டால் போதும் என்று சிலர் வாதிட்டனர். புதுத் தகடு எடை குறைந்தது, ஆகவே அதற்குப் பிடிப்பு முன்னதைவிடக் கூடுதலாகத் தேவை. பிணைப்பைச் சரிசெய்யாமல் தகட்டை மட்டும் மாற்றினால் ஆபத்து அதிகரிக்கும் என்பதை ஐயா படம் வரைந்து விளக்கினார். இறுதியில், நல்ல நிலையிலுள்ள தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு பணத்தைப் பிணைப்புக்குச் செலவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வெடித்தவற்றை மட்டும் மாற்றினோம். அவற்றைத் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், வாய்மூடி அணிந்து இறக்கினோம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் இளைஞர்கள் யாரையும் வாய்மூடி இல்லாமல் மேலே ஏற விடவில்லை.

கச்சான் ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில் வேலை நடந்தது. மண்டபத்தின் முன்பக்கமும் இரு பக்கவாட்டுச் சுவர்களும் உச்சியில் கொங்கிறீற் பட்டி உள்ளவை. அந்தப் பட்டியில் துளையிட்டு இரும்புக் கம்பி இறக்கி, வளையை அதனுடன் முறுக்கினோம். ஒவ்வொரு கைமரத்தையும் நாகமுலாம் பூசிய பட்டியால் சுற்றி, இருபக்கமும் போல்ற் இட்டோம். தகட்டைப் பிடிக்கும் கொக்கிப் போல்ற்றுகளில் துருவேறியவை அனைத்தும் மாற்றப்பட்டன. இறவாரத்திலும் முகட்டிலும் முனைப்பகுதிகளிலும் முன்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கின்றன. எமது ஓடாவியார் கூலியில் ஒரு பகுதியைத் தானாகவே குறைத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய உதவி, அவசரப்படாமல் ஒவ்வொரு முறுக்கையும் இரண்டாம் தடவை சோதித்துப் பார்த்தது.

கதவு யன்னல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புயல் வரும்போது யன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று ஊடாகப் போய்விடும், கூரை தப்பும் என்ற நம்பிக்கை எமது பகுதியில் இன்னும் இருக்கிறது. அது தவறு. காற்று வரும் பக்கத்தில் ஒரு கதவு பெயர்ந்தாலும் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளத் தொடங்குகிறது. வெளியே உறிஞ்சலும் உள்ளே தள்ளலும் சேரும்போதுதான் பெரும்பாலான கூரைகள் போகின்றன. ஆகவே மண்டபத்தின் பெரிய இரட்டைக் கதவுக்கு மேலும் கீழும் கனமான தாழ்ப்பாளும் நடுவே குறுக்குச் சட்டமும் போட்டிருக்கிறோம். கண்ணாடி யன்னல்களுக்கு அளவெடுத்துச் செய்த பலகைகள் இலக்கமிட்டுக் களஞ்சிய அறையில் அடுக்கப்பட்டுள்ளன. எச்சரிக்கை வந்ததும் இரண்டு பேர் இருந்தால் பூட்டிவிடலாம்.

முன்பள்ளியில் விறாந்தைக் கூரையைப் பிரதான கூரையிலிருந்து பிரித்துத் தனியாக அமைத்திருக்கிறோம். இனி ஒருவேளை அது போனாலும் வகுப்பறையின் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. முகட்டின் கீழ் முக்கோணமாக எழும்பியிருந்த சுவருக்கு எந்தத் தாங்குதலும் இல்லாமல் இருந்தது. அதன் உச்சியில் சரிவான கொங்கிறீற் பட்டி போட்டுக் கூரை மரங்களுடன் பிணைத்தோம். பிள்ளைகள் அந்தச் சுவரோரம்தான் வரிசையாக உட்காருகிறார்கள். வாசிகசாலைக்குச் சிறிய திருத்தமே தேவைப்பட்டது, அது முடிந்தது. வளவில் நின்ற நிழல்வாகையின் கட்டடத்துக்கு மேல் நீண்ட கிளைகள், அனுமதி பெற்று, சிரமதானத்தில் வெட்டப்பட்டன. மரத்தை அடியோடு தறிக்க வேண்டும் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். வேரூன்றி நிற்கும் மரம் காற்றைத் தணிக்கவும் செய்கிறது, பிள்ளைகளுக்கு நிழலும் தருகிறது.

நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. புலம்பெயர்ந்து வாழும் எமது ஊர் உறவுகள் மண்டபத்துக்கு முகப்பு வளைவு கட்டித் தருவதாக முன்வந்திருந்தனர். அந்தப் பணத்தைக் கூரைக்குத் தர முடியுமா என்று எழுதிக் கேட்டோம். போல்ற்றும் பட்டியும் படத்தில் தெரியாது, கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் அங்கே இடமில்லை. அப்படியிருந்தும் அவர்கள் மறுவார்த்தை சொல்லாமல் சம்மதித்தார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பொருட்களின் விலை என்ன நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்; அவர்களுடைய கை இல்லாமல் இந்த வேலையில் பாதிகூட நடந்திருக்காது. பொதுச்சபையின் சார்பில் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

மாதர் அணியினர் கிராம உத்தியோகத்தருடன் சேர்ந்து மண்டபத்தில் தங்கும் ஏற்பாடுகளைச் சீர்செய்துள்ளனர். மண்டபத்தின் திறப்பு (சாவி) இனி மூன்று வீடுகளில் இருக்கும். கர்ப்பிணிகள், முதியோர், நடமாட இயலாதோரின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் மூன்று கட்டடங்களின் வாசலிலும் எழுதப்பட்டிருக்கிறது. இதனுடன் ஒரு விடயத்தைத் தாய்மார் வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: புயலின் கண் எமக்கு மேலாகக் கடந்தால் காற்று திடீரென நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே இறங்கக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அது திரும்பவும் அடிக்கும்.

முடியாமல் இருப்பவையும் உண்டு. மண்டபத்தின் பின்பகுதி, மேடைக்காகப் பிற்காலத்தில் நீட்டிக் கட்டப்பட்டது. அந்தச் சுவருக்கு உச்சியில் கொங்கிறீற் பட்டியே இல்லை. ஆகவே அங்கே கூரையைக் கட்டிவைக்க ஒன்றும் இல்லை. பட்டி போடும் வரை, புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் மேடைப் பகுதியில் ஒருவரையும் படுக்க விடுவதில்லை என்று நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது. தெருப்பக்க மதிலும் நீண்டு, தூண் குறைவாக, சாய்ந்து நிற்கிறது. கூரையருகே தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தின் கால்கள் துருவேறிவிட்டன.

2024ஆம் ஆண்டுக்கு இந்த மூன்று வேலைகளையும் முதலிடத்தில் வைக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். வரிசை குறித்து என் கருத்து, மேடைச் சுவர் முதலில், தாங்கிச் சட்டம் அடுத்து, மதில் கடைசியில். இதற்கு மேலாக, ஆண்டுதோறும் சித்திரையில் கச்சானுக்கு முன்பும் புரட்டாதியில் மாரிக்கு முன்பும் மூன்று கூரைகளையும் ஏறிப் பார்த்து, துரு, தளர்வு, கறையான் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிப்பதை நிலையத்தின் யாப்பு விதிகளில் செயலாளரின் கடமையாகச் சேர்க்கும் பிரேரணையையும் முன்வைக்கிறேன். கடற்கரையில் இரும்பு நீண்ட நாள் நிற்காது. இன்று நாம் பூட்டிய போல்ற்றையும் யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் செயலாளராக வந்தாலும் அந்தப் பதிவேடு கைமாற வேண்டும். அதன் முதல் பக்கங்கள் எழுதப்பட்டு இன்று மேசையில் வைக்கப்பட்டுள்ளன, விரும்புவோர் பார்வையிடலாம்.

இவ்வறிக்கையையும் மேற்படி பிரேரணையையும் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
சனசமூக நிலையம், திருகோணமலை