பின்னம் கூட்டும்போது பகுதியைக் கூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று எழுதிவிடுகிறார்கள். தவறு என்று சுழிப்பதோடு பெரியவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டாம். 2/5 அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொரு பங்கைச் சேர்த்த பிறகு அரையே குறையுமா என்று கேட்டாலே பிள்ளைக்குப் பொறி தட்டும்.

கீழே உள்ள பகுதி எண்ணிக்கை அல்ல, துண்டின் அளவு. அளவு ஒன்றானால்தான் துண்டுகளை எண்ண முடியும். நம் யாங்கோன் சந்தைத் தராசே இதற்குப் போதும். பர்மிய எடையளவில் ஒரு வீசை 100 டிக்கல். கால் வீசை வெங்காயம் 25, வீசையில் ஐந்தில் ஒரு பங்கு பூண்டு 20. இரண்டும் சேர்ந்து 45 டிக்கல். அதாவது 45/100, சுருக்கினால் 9/20. (மூன்றில் ஒரு பங்கு கேட்டால் 100 சரியாக வகுபடாது, அங்கே வேறு பகுதி தேட வேண்டும்.)

1/4 + 1/6 எடுத்துக்கொள்வோம். 4, 6 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12. நாலை மூன்றால் பெருக்கினோம், ஆகவே மேலேயும் மூன்றால் பெருக்க வேண்டும்: 3/12. மற்றது 2/12. விடை 5/12. பகுதியை மாற்றிவிட்டு மேலெண்ணை மறந்து 1/12 + 1/12 என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 24 என்று எடுத்தாலும் குற்றமில்லை, 10/24 வரும். சுருக்கும் வேலை மிஞ்சும், அவ்வளவுதான்.

நம் பழைய வாய்பாட்டிலும் இதே வழிதான். முந்திரி என்ற பின்ன அளவு 1/320. கால் 80 முந்திரி, மாகாணி (1/16) 20, மா (1/20) 16. காலும் மாவும் 96 முந்திரி, அதாவது 3/10.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர், யாங்கோன்