தங்கச்சிமடத்திலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு யாவரும் நலம். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு வந்துவிடுவதால் பூசைக்குப் போக முடிவதில்லை என்றும், இரவில் செபமாலையை எடுத்தால் பாதியிலேயே உறங்கிவிடுவதாகவும், ஆகையால் புனிதம் என்பது சாமியார்களுக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் உரியதே தவிரத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவளுக்கு எட்டாது என்றும் எழுதியிருந்தாய். சனிக்கிழமை மாலைப் பூசை எந்தக் கோயிலில் உண்டு என்று விசாரித்துக்கொள். ஆனால் நீ கடைசியாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பக்கத்தில் புனிதர் என்றவுடன் ஓரியூர்தான் நினைவுக்கு வரும். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இயேசு சபைத் துறவி அருளானந்தர் வெட்டுண்டு இறந்த அந்த மண்ணை வணங்கியே நாம் வளர்ந்தோம். அதனாலேயே புனிதம் என்றால் துறவியின் அங்கியும் கொலைவாளும்தான் என்று எண்ணப் பழகிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964ஆம் ஆண்டில், அந்தப் புயலுக்கு ஒரு மாதம் முன்னர், நவம்பர் 21 அன்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. அதில் ஓர் அதிகாரம் முழுவதும், எந்த நிலையில் வாழ்பவராயினும் கிறிஸ்தவர் அனைவரும் புனிதத்திற்கு அழைக்கப்பட்டவர்களே என்பதைப் பற்றியது. தேவசகாயமும் இரத்தம் சிந்தியவரே; ஆயினும் அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். ஞானப்பூ அம்மாளின் கணவர், திருவிதாங்கூர் அரசில் அலுவலர். அவரை 2022ஆம் ஆண்டு மே 15 அன்று திருச்சபை புனிதராக அறிவித்தது.

விவிலியத்தில் லேவியர் புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. நான் தூயவர், ஆகவே நீங்களும் தூயோராய் இருங்கள் என்று இஸ்ரயேல் மக்கள் அனைவருக்கும் சொல்லும்படி ஆண்டவர் மோசேயைப் பணிக்கிறார். தொடர்ந்து அவர் சொல்பவற்றுள் பல வயலையும் கூலியையும் சந்தையையும் பற்றியவை: வயலின் ஓரக்கதிரை ஏழைக்கு விட்டுவிடு, கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது, பார்வையற்றவரின் வழியில் தடைக்கல் வைக்காதே, எடைக்கல்லும் அளவும் நேராக இருக்கட்டும். பாம்பனில் நான் மீன் ஏலக்கடையில் கணக்கெழுதிய காலமெல்லாம் இந்த எடைக்கல் வசனத்தையே எனக்குரியதாக வைத்திருந்தேன். டீசல் செலவில் ஆயிரம் ரூபாயைக் கூட்டிக் காட்டினால், இரவெல்லாம் கடலில் வலை இழுத்தவனின் பங்கில் அது குறையும். அதை எழுதும் கை என்னுடையதாகவே இருந்தது.

உனக்கோ அந்த அதிகாரத்தில் இன்னும் பல வசனங்கள் பொருந்துகின்றன. ஓவர்டைம் மணியைக் குறைத்து எழுதச் சொல்கிறார்கள் என்றும், தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசாப் பெண் அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே கையெழுத்துப் போடுகிறாள் என்றும் எழுதியிருந்தாயே, பார்வையற்றவரின் வழியில் வைக்கும் கல் அதுதான். உங்களோடு தங்கும் அந்நியரை உங்களைப்போல் நேசியுங்கள், எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்கிறது 34ஆம் வசனம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகாத குடும்பம் நம் இராமநாதபுரம் சீமையில் எத்தனை இருக்கும், சொல். மீனவரான பேதுருவும், சிதறுண்டு அந்நியராய் வாழ்ந்தவர்களுக்கு எழுதிய முதல் மடலில், நடத்தை முழுவதிலும் தூயோராய் இருங்கள் என்று இதே வசனத்தையே எடுத்துச் சொல்கிறார்.

உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அம்மா அஞ்சுகிறாள். அது வீண் அச்சமன்று. யாரிடமும் சண்டையிடும்படி நான் சொல்லவில்லை. அந்த ஒடிசாப் பெண் வேலை செய்த மணியை உள்ளபடி எழுது. கையெழுத்து வாங்குமுன் அவள் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு படித்துக் காட்டச் சொல். அதனால் வேலை போகுமானால் வீட்டுக்கு வந்துவிடு, மேற்கொண்டு ஆவதைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். இதை நம் சொந்த பலத்தால் நாள்தோறும் செய்துவிட முடியாது. பூசையில் பெறும் நற்கருணையைத் தவறவிடாதே என்று நான் வற்புறுத்துவதும் அதற்காகவே. செபமாலை முழுவதும் சொல்ல முடியாத இரவுகளில் அதன் பத்து மணிகளை மட்டுமாவது சொல்லி, உன் லைனில் தைக்கும் பெண்களைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடு.

இந்த வாரச் சம்பளத்தில் அந்த ஒடிசாப் பெண்ணின் கணக்கு என்ன ஆயிற்று என்பதை மறக்காமல் எழுது.

அன்புள்ள,
அப்பா