பேரனின் முதல் சோறு

யாங்கோன்

அன்பு மகளுக்கு,

அடுத்த வாரம் பேரனுக்கு ஆறு மாதம் நிறைகிறது. சோறு ஊட்டப்போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்: இரண்டு வயது வரை சர்க்கரை பழக்காதே.

இங்கே டீக்கடையில் கிளாசுக்கு அடியில் தங்கும் இனிப்பு டின்பாலை விரலால் தொட்டுக் குழந்தை நாக்கில் தடவுகிறார்கள். குழந்தை சப்புக்கொட்டும், எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது. உன் தாத்தா, பெரியப்பா, அப்பா, மூன்று பேருக்கும் சர்க்கரை நோய் வந்த வீடு இது.

பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷனை 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். எடுத்ததும் ஜனங்கள் சாப்பிடும் சர்க்கரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்த சுமார் 60,000 பேரை ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வந்தது. வயிற்றில் இருந்த காலமும் குழந்தைப் பருவமும் ரேஷனில் கழிந்தவர்களுக்கு, பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவு. நீரிழிவு வந்தவர்களுக்கும் நாலு வருஷம் தள்ளித்தான் வந்திருக்கிறது. நாலு வருஷம் என்றால் என்னவென்று, தினமும் உன் அப்பாவின் கால் புண்ணுக்கு மருந்து போடும் எனக்குத் தெரியும்.

இனிப்பைக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறக்கும்போதே பிடிக்கும். கசப்பும் புளிப்பும்தான் பழக வேண்டும். நீ சாப்பிடும் பூண்டின் வாசம் தாய்ப்பால் வழியாக அவனுக்கு ஏற்கெனவே அறிமுகம்தான். புளிச்சகீரையைத் துப்பினால் விட்டுவிடாதே. எட்டுப் பத்துத் தடவை கொடுத்த பிறகே பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும். அதட்டி மட்டும் ஊட்டாதே.

அப்புறம், வெறும் கஞ்சி போதாது. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து இந்த வயதில் தீர ஆரம்பிக்கும். மீனை முள் பார்த்து மசித்துக் கொடு. முட்டை, ஈரல், பருப்பும் சேரட்டும். நாப்பி மீன் விழுதும் உப்பும் இப்போது வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்திவிடாதே.

உன் மாமியார் முதல் வாய்க்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க ஆசைப்படுவார்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். சாமிக்குப் படைத்துவிட்டு ஒரு பருக்கை நாக்கில் வைக்கட்டும். மறுநாளிலிருந்து நான் சொன்னபடி செய். சிங்கப்பூர் வருகிறவர்களிடம் பாசிப்பருப்பு கொடுத்தனுப்புகிறேன், குழைய வேகவைத்து ஊட்டு.

அம்மா