பனிக்குள் படிந்த தூசி

ஆசிரியருக்கு,

அண்டார்டிகா பனி பற்றிய உங்கள் கட்டுரையில் கரியமில வாயுவைச் சொன்னீர்கள், தூசியை விட்டுவிட்டீர்கள். மாவு மில் நடத்துகிற எனக்கு அது ஒரு குறைதான்.

டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேல் துளைத்தெடுத்த பனித்தண்டில் 8 லட்சம் ஆண்டுத் தூசி அடுக்கடுக்காக இருக்கிறது. பனியுக உச்சத்தில் படிந்தது, வெப்பமான காலங்களைவிடச் சுமார் 25 மடங்கு. நிலம் காய்ந்து கிடந்தது; காற்றைக் கழுவிவிட மழையும் குறைவு. பெரும்பகுதி தென்னமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவிலிருந்து பறந்து வந்ததாம். தூசியிலுள்ள ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் என்ற தனிமங்களின் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட அணு வகைகளை) வைத்து அதன் ஊரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

துகள் அளவு சுமார் 2 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. சரிதான். என் மில்லிலும் கப்பி மிஷின் அடியிலேயே விழும். பரண்மேல் ஏறி உட்காருவது நைஸ் மாவு மட்டும்தான்.

மாவு மில்காரர்,
திண்டுக்கல்