போபோவின் கறுப்பு வெள்ளைப் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் லைன் மூன்று தடவை அறுந்துபோனதில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சீனாவில் வாட்ஸ்அப் ஓடாது, இங்கே எல்லோரும் வைத்திருக்கிற வீசாட்டை 2020-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், நாம் பேசிக்கொள்வதற்குச் சுலபமான வழி இல்லை. அதனால் ஈமெயிலாக எழுதிவிடுகிறேன். தங்கச்சியிடம் எழுத்தைப் பெரிதாக்கிப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

"ஆறு மாசமாச்சு, குவாங்சோவுல அந்த 600 மீட்டர் டவர் படம் ஒண்ணுகூட வரலையே" என்று கேட்டீர்கள். வந்த முதல் வாரமே எடுத்தேன் அப்பா. முத்து ஆற்றங்கரையில் ஸ்டாண்டை நிறுத்திப் பார்த்தால் இரண்டு பக்கமும் முப்பது பேருக்குக் குறையாமல் அதே கோணத்தில் அதையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்துவிட்டேன்.

பகல் வேலை தெரிந்ததுதான், துணிகளுக்குக் கேட்டலாக் படம். ஒரு நாளைக்கு எண்பது உருப்படி, எல்லாம் வெள்ளைப் பின்னணி, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துணியெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனேன் பாருங்கள், நம் திருப்பூருக்கே வந்துவிட்டேனோ என்று ஆகிவிட்டது.

சோங்தா துணிச் சந்தைக்குப் பக்கத்தில் காங்லே என்று ஒரு கிராமம். பெயர்தான் கிராமம், இருப்பது நகரத்துக்கு நட்டநடுவில். நகரம் பெருத்து வயலையெல்லாம் விழுங்கிவிட, மிச்சமிருந்த வீட்டு மனைகளில் மேலே மேலே கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இந்த ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னல்காரருக்குக் கை கொடுக்கலாம், அதனால் இந்த மாதிரிக் கட்டடங்களுக்குப் பெயரே 'கைகுலுக்கும் கட்டடம்'. உச்சி வெயில் நேரத்திலும் சந்துக்குள் டியூப் லைட்தான், அந்த இருட்டுக்குக் கேமராவின் ஐஎஸ்ஓவை 3200-க்குக் கீழே இறக்கவே முடியாது. மாடிக்கு மாடி பவர் டேபிள், ஓவர்லாக் என்று தையல் மெஷின்கள், அதே சத்தம், அதே பஞ்சு வாசனை. தெருவில் சிறு முதலாளிகள் தைக்க வேண்டிய பீஸை ஹேங்கரில் மாட்டிக் கையில் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள். டைலர் வந்து துணியைத் தடவி, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்து, பீஸுக்கு எவ்வளவு என்று கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார். நம் ஊரில் முதலாளி உள்ளே உட்கார்ந்திருக்க டைலர் வாசலில் நிற்பார், இங்கே அது தலைகீழ். நிறையப் பேர் ஹூபேய் மாகாணத்துக்காரர்கள். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும், தீபாவளிக்கு அடுத்த நாள் காதர்பேட்டை மாதிரி, தெருவே ஷட்டர் போட்டுப் படுத்துவிட்டது.

அங்கே முதல் நாள் கேமராவைத் தூக்கியதும் ஒருவர் உள்ளங்கையை லென்ஸுக்கு நேரே நீட்டிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. 2021-ல் நடப்புக்கு வந்த இவர்களுடைய சிவில் சட்டத்தில் ஒருவருடைய முகத்தின் மேல் அவருக்குள்ள உரிமைக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தூங்குகிறவனையும் சாப்பிடுகிறவனையும் கேட்காமல் எடுக்காதே என்று நீங்கள் காதைத் திருகியது ஞாபகம் இருக்கிறது. பத்து நாள் கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் போய் நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பதினோராம் நாள் அவரே என் தோளைத் தட்டித் தன் மெஷினைக் காட்டினார்.

நான் இருப்பது லீவான் பக்கம், என்னிங் சாலையை ஒட்டிய பழைய தெரு. அங்கே வீட்டு மாடி முன்னால் நீண்டு தூண்களின் மேல் நிற்கும், கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீளத் திண்ணை மாதிரி நடைபாதை. மழையோ வெயிலோ, தெருவே அதற்குள்தான். கீழ்வீட்டுப் பாட்டி அங்கே மூங்கில் முக்காலி போட்டுக் கீரை ஆய்வாள். பாட்டியை இந்த ஊர்ப் பாஷையில் 'போபோ' என்று கூப்பிட வேண்டும், நமக்குத்தான் யாரையோ துரத்துகிற மாதிரி இருக்கிறது. தினமும் நான் ஒரு போபோ சொல்வேன், அவள் சாப்பிட்டாயா என்று கேட்பாள் (இங்கேயும் அப்படித்தான் விசாரிப்பார்கள்), அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

டிசம்பரில் ஒரு காலை தூணுக்கு இந்தப் பக்கம் நல்ல சரிவெயில். அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் மாற்றிப் பார்த்தால், அப்பா, ஆறு மாதத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் படம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு இன்ச் பிரின்ட் போட்டு, கறுப்பு ஃபிரேமும் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருமகள் முகம் செத்துப்போயிற்று. மகன் ஃபிரேமைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். போபோ மட்டும் அதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள், பேரன் போனில் மொழிபெயர்த்துக் காட்டினான்: "நான் இறந்துவிட்டேனா?"

இங்கே கறுப்பு வெள்ளையில் பெரிதாக ஃபிரேம் போட்ட முகம் என்றால் அது சாவு வீட்டுப் படம். போட்டோக்காரன் பிள்ளை எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? மாலை போடுவதற்கென்றே நம் ஸ்டூடியோவில் எத்தனை முகம் பெரிதாக்கியிருப்போம்! உயிரோடு இருப்பவர் படத்துக்கு விளையாட்டுக்குக்கூடப் பூ வைக்கக் கூடாது என்று அம்மா எத்தனை தடவை கத்தியிருப்பாள்!

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டுக் கலரில் எடுத்தேன். சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, தலை சீவி, சும்மா கல்யாணப் பெண் மாதிரி வந்து உட்கார்ந்தாள். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல். சுமார் படம்தான், வெளிச்சம் தட்டை. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

நான் எழுத வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. போன வாரம் மூன்றாம் மாடித் தாத்தா கதவைத் தட்டினார். போபோவுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட அந்தப் படம் மாதிரி, கறுப்பு வெள்ளை, அதே அளவு, தனக்கு ஒன்று வேண்டுமாம். பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டால் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்குவார்கள், அதில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன் என்று சிரிக்கிறார். கோட்டைத் துவைக்கப் போட்டிருக்கிறாராம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு வாத்தியார் இதே மாதிரி தனியாக நம் ஸ்டூடியோவுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? என்னை டீ வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டீர்கள். வந்து பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், படமும் எடுத்து முடிந்திருந்தது. அவரிடம் என்ன பேசினீர்கள்? லைட்டை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? லென்ஸைப் பார்க்கச் சொன்னீர்களா, பக்கவாட்டில் பார்க்கச் சொன்னீர்களா? புதன்கிழமைக்குள் எழுதுங்கள்.

உங்கள் மகன்

பி.கு.: இந்த மாதம் தெற்குக் காற்று திரும்பிச் சுவரெல்லாம் வியர்க்கிறது, தரை டைல்ஸ் தண்ணீர் ஊற்றிய மாதிரி. ஒரு லென்ஸில் பூஞ்சை ஆரம்பித்துவிட்டது. உங்கள் பீரோவில் சீரோ வாட் பல்பு போட்டு வைத்திருப்பீர்களே, அதே மாதிரி ஒன்று செய்துகொண்டேன், காப்பாற்றுகிறது. டவர் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்குக் காட்டுங்கள்.