வைகையில் அள்ளிய குப்பையைக் கரையிலிருந்து அன்றன்றே எடுத்துச் செல்ல ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்
வைகை ஆற்றில் ஞாயிறுதோறும் குப்பை அள்ளும் தன்னார்வலர்கள்,
ஆரப்பாளையம், சிம்மக்கல், செல்லூர் பகுதிகள்,
மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: வைகை ஆற்றிலிருந்து தன்னார்வலர்கள் எடுத்துக் கரையில் சேர்க்கும் குப்பையை அன்றைய தினமே அகற்ற வண்டியும், அதற்குப் பொறுப்பான ஓர் அலுவலரும் ஏற்பாடு செய்து தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கும் ஓபுளா படித்துறைக்கும் இடைப்பட்ட வைகையில், ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியிலிருந்து வெயில் ஏறும் வரை குப்பை அள்ளி வருகிறோம். பதினைந்து இருபது பேர் வருவோம். பரீட்சை நேரத்தில் ஏழெட்டுப் பேராகக் குறைந்துவிடும், ஏனென்றால் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மற்றவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், செல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் தம்பதி என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்த சங்கம் இல்லை. வங்கிக் கணக்கும் கிடையாது. கையுறை, கொக்கிக் கம்பி, மண்வெட்டி எல்லாம் சொந்தச் செலவு. சாக்கு மட்டும் உரக்கடையில் கேட்டால் பழையதைச் சும்மா தருகிறார்கள்.

இந்த மனுவில் நாங்கள் பணம் கேட்கவில்லை. குப்பையை ஆற்றுக்குள்ளிருந்து கரைக்குக் கொண்டுவந்து விடுகிறோம். கரையிலிருந்து அதை எடுத்துப் போக ஆள் இல்லை. அதற்கு ஒரு வழி செய்து தாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்டிப்பட்டி பக்கத்தில் 1959-இல் வைகை அணை வந்த பிறகு, மதுரைக்குள் ஆற்றில் தண்ணீர் ஓடுவது அணை திறக்கும் நாளைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. மற்ற நாட்களில் இருப்பது மணல், நாணல், ஆகாயத்தாமரை, அப்புறம் பந்தல்குடி மாதிரியான கால்வாய்கள் கொண்டுவந்து விடும் சாக்கடை. தண்ணீர் ஓடாத ஆறு பார்ப்பவர்களுக்குக் காலி இடமாகத்தான் தெரியும் போலிருக்கிறது. இரவில் இரு சக்கர வாகனத்தில் வந்து, பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாமலே பையை வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கோழிக் கடைக் கழிவு வருகிறது, இடித்த வீட்டின் செங்கல் வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் பையில் கட்டிய வீட்டுக் குப்பையும் வருகிறது.

இவற்றில் அள்ளக் கஷ்டமானது துணிதான். சாவு வீட்டுக் காரியம் முடித்தவர்கள் இறந்தவரின் பாய், தலையணை, வேட்டி, சேலையைப் படித்துறையில் விட்டுப் போகிறார்கள். அது மணலுக்குள் புதைந்துவிடும். மேலே ஒரு முழம் முந்தானை மட்டும் தெரியும். பிடித்து இழுத்தால் வராது. சுற்றி மண்வெட்டியால் தோண்டி இழுத்தால் அரை கெஜம் வரும், மறுபடி தோண்ட வேண்டும். ஒரு சேலையை எடுக்க இரண்டு பேருக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. சாக்கடையில் ஊறிய மெத்தை என்றால் நான்கு பேர் சேர்ந்துதான் கரையேற்ற முடியும். ஒருமுறை பேச்சியம்மன் படித்துறைக்குக் கீழே அவிழ்த்த மூட்டையில் பாதி தின்ற மாத்திரை அட்டையும் ஒரு மூக்குக் கண்ணாடியும் இருந்தன. கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றிக் கட்டியிருந்தது. அதைச் சாக்கில் போட எங்களில் யாருக்கும் கை வரவில்லை. கொஞ்ச நேரம் படியின் மேல் வைத்திருந்துவிட்டுத்தான் போட்டோம்.

சாமி படங்கள் இன்னொரு பாடு. உடைந்த படத்தை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையில் போடவும் மனம் வராது. ஆற்றில் விட்டால் தோஷம் இல்லை என்று நினைக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே அது ‘விடுவது’! மணலில் கண்ணாடிச் சில்லுகளாகக் கிடக்கிறது. எங்களோடு வரும் மாணவர் ஒருவருக்கு அந்தக் கண்ணாடி கிழித்து உள்ளங்காலில் தையல் போட்டார்கள். அதன் பிறகு கம்பூட்ஸ் இல்லாமல் யாரையும் உள்ளே இறங்க விடுவதில்லை.

இத்தனையும் அள்ளி, ஒரு ஞாயிறுக்கு முப்பது நாற்பது சாக்கு கட்டிக் கரையில் அடுக்குகிறோம். எங்கள் வேலை அத்தோடு முடிந்தது என்று ஆரம்பத்தில் நினைத்தோம். முதல் இரண்டு நாள் சாக்குகள் அப்படியே இருக்கும். அப்புறம் நாய்கள் கிழிக்கும். பாட்டில் பொறுக்குகிறவர்கள் அவிழ்த்து, விலை போகிற பொருளை எடுத்துக்கொள்வார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. யானைக்கல் பக்கம் தினமும் வரும் ஒரு பாட்டி, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அள்ளியதைவிட அதிகமாகவே இந்த ஆற்றிலிருந்து எடுத்திருப்பார். ஆனால் அவர்கள் எடுத்தது போக மிஞ்சுவது விலையில்லாத சரக்கு: ஈரத்துணி, குழந்தைகளின் டயப்பர், சிப்ஸ் பாக்கெட் உறை, தெர்மாகோல். அது காற்றில் பறந்து மறுபடி ஆற்றுக்குள் போகும். இல்லையென்றால் யாராவது தீ வைத்துவிடுவார்கள். கரையோரத்து வீடுகளுக்குள் புகை புகும். அந்த வீட்டுக்காரர்கள் எங்களைத் திட்டுவதும் நியாயம்தான்.

இதற்கு ஒரு அத்தாட்சியும் கையில் இருக்கிறது. எங்கள் சாக்குகளை நீல நைலான் கயிற்றால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவோம். தையல் கடை அக்காவின் முடிச்சு அது, வேறு யாருக்கும் அப்படி வராது. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓபுளா படித்துறையையும் தாண்டி, குருவிக்காரன் சாலைப் பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரையில் சிக்கிக் கிடந்த சாக்கு ஒன்றை இழுத்தோம். அதே நீலக் கயிறு, அதே முடிச்சு. நாங்கள் மேற்கே எடுத்த குப்பையைக் கிழக்கே நாங்களே இரண்டாவது முறை எடுத்தோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காதான் முதலில் சிரித்தார். அந்தச் சாக்கின் புகைப்படத்தை இந்த மனுவோடு இணைத்திருக்கிறோம்.

நாங்கள் கண்ணில் கண்டது ஒன்று. காணாமல் போனவை எத்தனையோ. அவை விரகனூர் மதகணையில் போய் அடைந்திருக்கும், அல்லது அதையும் தாண்டி மானாமதுரைப் பக்கம் போயிருக்கும். நம் ஊர்க் குப்பையைக் கீழே இருக்கிற சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகளின் கால்வாய்க்கும் கண்மாய்க்கும் அனுப்பி வைத்த கணக்கில்தான் அது சேரும்.

இதற்காக நாங்கள் அலையாமல் இல்லை. ஓர் அலுவலகத்தில், “ஆறு எங்கள் பொறுப்புதான், குப்பை எங்கள் பொறுப்பு இல்லை” என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், “குப்பை எங்கள் பொறுப்புதான், ஆற்றங்கரை எங்கள் எல்லையில் வராது” என்றார்கள். இரண்டு இடத்திலும் உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார்கள். யாரையும் மாட்டிவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லாததால் இங்கே எந்த அலுவலகத்தின் பெயரையும் எழுதவில்லை. இரண்டுக்கும் மேலே இருக்கிற தங்களிடம் வருவதுதான் முறை என்று தோன்றியது.

சரி, நாமே கொண்டுபோய்க் கொட்டிவிடுவோம் என்று ஒருமுறை வாடகைக்குக் குட்டியானை பிடித்தோம். குப்பைக் கிடங்கு வாசலில், கடிதம் இல்லாமல் வெளி வண்டியை உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். காவலாளி மேல் தப்பு இல்லை. கண்ட வண்டியும் கண்ட சரக்கைக் கொண்டுவந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆனால் வண்டிக்காரருக்கு அடுத்த சவாரி காத்திருந்தது. வேறு வழியில்லாமல் எங்களில் ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய காலி மனையில் இறக்கினோம். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது. “ஆத்துல கெடந்த பீடையை வீட்டுக்குக் கொண்டாந்துட்டியேடா” என்று அவருடைய அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

திடக்கழிவு மேலாண்மை விதிகளை நாங்களும் படித்துப் பார்த்தோம். தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ யாரும் குப்பை கொட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த விதியைக் கறாராகப் பிடித்தால், பாலத்திலிருந்து இருட்டில் வீசியவர் யாரென்று தெரியாது; பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, பொது இடத்தில் நாற்பது சாக்குக் குப்பையை வைத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள்தான். அபராதம் போட வந்தால் எங்களிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

ஆகவே தாங்கள் கனிவோடு பரிசீலிக்க வேண்டியது இதுதான். எந்தத் துறை என்பதைத் தாங்களே முடிவு செய்து, ஞாயிறு காலை 10 மணிக்கு ஒரு டிப்பரோ டிராக்டரோ கரைக்கு வருமாறு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். ஏற்றுவதற்கு ஆள் நாங்களே இருக்கிறோம், தூய்மைப் பணியாளர்களின் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பறிக்க வேண்டாம். ஓட்டுநர் ஒருவர் வந்தால் போதும். ஞாயிறு முடியாது என்றால் சனிக்கிழமைக்கு நாங்கள் மாறிக்கொள்கிறோம். சாக்குகளை எங்கே அடுக்க வேண்டும் என்று கரைச் சாலையில் வண்டி நிற்க வசதியாக இரண்டு இடங்களைக் குறித்துக் கொடுத்தால், கண்ட இடத்தில் வைக்க மாட்டோம். வண்டி வராத வாரம் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஓர் அலுவலரின் பதவியும் தொலைபேசி எண்ணும் அந்த உத்தரவில் இருக்க வேண்டும். இது முக்கியம், வண்டியைவிட இதுதான் முக்கியம் என்றுகூடச் சொல்வோம். கூப்பிட ஒருவர் இல்லாததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு சிறிய விஷயங்கள். அணை திறக்கும் செய்தி கரையோர மக்களுக்கு எச்சரிக்கையாக அறிவிக்கப்படுகிறது. அதை இரண்டு நாள் முன்பாக எங்களுக்கும் தெரிவித்தால், அந்த வாரம் ஆற்றுக்குள் இறங்காமல், கரையில் இருப்பதை மட்டும் அப்புறப்படுத்துவோம். தண்ணீர் வந்துவிட்டால் அதுவரை செய்த வேலை ஒரு மணி நேரத்தில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு இது இன்னும் பொருந்தும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் தண்ணீர் திறக்கும் முன்பே ஆழ்வார்புரம் பகுதியைச் சுத்தம் செய்ய எங்களால் ஆள் திரட்ட முடியும். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு கிடக்கும் தண்ணீர் பாக்கெட், செருப்பு, பிளாஸ்டிக் டம்ளர் மலையைப் பற்றித் தனி மனுவே எழுதலாம்.

இரண்டாவது, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னால் படித்துறைகளில் துணிக்கு ஒரு தொட்டி, சாமி படங்களுக்கு ஒரு தொட்டி. ‘குப்பைத் தொட்டி’ என்று மட்டும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் சாமி படத்தை யாரும் அதில் போட மாட்டார்கள். கம்பிக் கூண்டு மாதிரி, கொஞ்சம் உயரத்தில், மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்தால் போதும். திதி கொடுக்கிற ஐயர்களிடம் பேசிப் பார்த்தோம். காரியம் முடிந்ததும் துணியை அங்கே போடச் சொல்ல அவர்களுக்குத் தடையில்லை. ஆற்றுக்குள் நின்று எள்ளும் தண்ணீரும் விட அவர்களுக்கும் இடம் வேண்டுமே.

வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டதும், வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதர் கூலியாளாக வந்து புட்டுக்கு மண் சுமந்ததும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆவணி மூலத்தன்று அதே புட்டுத்தோப்பில் திருவிழா நடக்கிறது. அந்தக் கதையிலும் ஆள் அனுப்புவது குடிகளின் வேலை; எந்தப் பங்கை யார் அடைக்க வேண்டும் என்று அளந்து கொடுத்தது அரசுதான். நாங்கள் ஆள் வந்துவிட்டோம். எங்கள் பங்கை அளந்து கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குப் பேச்சியம்மன் படித்துறைக்குக் கீழே இருப்போம். போன வாரத்து முப்பத்தி நான்கு சாக்குகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து பார்த்தால், வண்டி எங்கே நிற்கலாம் என்பதை நேரிலேயே காட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
வைகையில் குப்பை அள்ளும் தன்னார்வலர்கள்,
மதுரை.

இணைப்பு: கையொப்பத் தாள், கரையில் கிடக்கும் சாக்குகள், நீலக் கயிறு கட்டிய சாக்கு ஆகியவற்றின் புகைப்படங்கள், வண்டி நிற்கத் தோதான இரண்டு இடங்களைக் குறித்த கைவரைபடம்.